மைக் செட்டை எந்தக் கட்டத்தில் போடுவது?

எந்தக் கல்லூரியின் காமர்ஸ் விழாவுக்குப் போனாலும் ஒரு காட்சி தப்பாது. நாலு பேர் டை கட்டிக்கொண்டு மேடையேறுவார்கள். அவர்கள் கண்டுபிடித்த பொருளில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்பது பவர்பாயிண்ட்டில் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்காரும். பன்னிரண்டு வசதி, பதினாறு வசதி, நேரமிருந்தால் இருபது. கடைசி ஸ்லைடில் ஒரு பெரிய தொகை, மூன்று வருடத்தில் இத்தனை கோடி என்று. அந்தப் பதினாறு வசதிக்கும் இந்தக் கோடிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு அம்புக்குறி. தடிமனான நீல நிற அம்புக்குறி. அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டுவார்கள், அடுத்த டீம் வரும்.

அந்த நீல அம்புக்குறிக்குள் என்ன இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

இதைச் சந்தேகப்பட்டவர்கள் ஏற்கனவே உண்டு. கேப்ளான், நார்ட்டன் பெயர்கள் பி.காம். மாணவர்களுக்குப் புதிதல்ல, பரீட்சைக்காகவாவது மனப்பாடம் செய்திருப்பார்கள். லாபக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதே, வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் என்ற மற்ற மூன்று பக்கங்களையும் பார் என்று 1992-இல் 'பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு' எழுதினார்கள். அப்புறம் அந்த நாலையும் கோடு போட்டு இணைத்து 'ஸ்ட்ராடஜி மேப்' என்று 2004-இல் ஒரு தனிப் புத்தகமே போட்டார்கள். மென்பொருள்காரர்கள் பக்கத்திலிருந்து கோய்கோ அட்ஸிச் என்பவர் 2012-இல் 'இம்பாக்ட் மேப்பிங்' என்று இன்னும் எளிதான ஒன்றைக் கொண்டுவந்தார். (சரக்கு முழுக்க அவருடையது இல்லை. ஸ்வீடன்காரர்கள் அதற்கு முன்பே இதே மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள்.)

அதில் நாலே நாலு கேள்வி. ஏன், யார், எப்படி, என்ன. ஒரு பெரிய தாளின் இடது ஓரத்தில் 'ஏன்' என்று இலக்கை எழுத வேண்டும். அதிலிருந்து கிளை பிரித்து, இந்த இலக்குக்கு உதவக்கூடியவர்கள் யார், குறுக்கே நிற்கக்கூடியவர்கள் யார் என்று எழுத வேண்டும். அடுத்த வரிசையில், அந்த ஒவ்வொருவரும் இன்று செய்வதிலிருந்து எப்படி மாறி நடக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் 'என்ன', அதாவது நாம் செய்துகொடுக்கப் போகிற வசதி. மேடையில் முதல் ஸ்லைடாக வருவது இந்தப் படத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். எந்த வசதியிலிருந்தும் பின்னோக்கிக் கோடு பிடித்துப் போனால் ஒரு மனிதரைத் தொட்டுவிட்டுத்தான் இலக்கைத் தொட முடியும். நடுவில் ஆள் இல்லாத கோடு கோடே இல்லை.

சொல்வதற்கு எளிது. ஆனால் நம் ஆட்கள் இந்தப் படத்தையும் ஒப்பேற்றிவிடுவார்கள். 'யார்' என்ற இடத்தில் 'கஸ்டமர்' என்று ஒரே வார்த்தை. 'எப்படி' என்ற இடத்தில் 'திருப்தி அடைவார்'. ஆயிற்று, பழைய நீல அம்புக்குறியே நாலாக உடைந்து திரும்பி வந்துவிட்டது. படம் உருப்படுவதும் கெடுவதும் இந்த நடு இரண்டு வரிசையில்தான். அதற்கு நல்ல உதாரணம் தேடி அமெரிக்கா வரை போகவேண்டாம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர் போனால் போதும்.

வில்லியனூர். கொம்யூன் தலைமையிடம். (வெளியூர்க்காரர்களுக்கு: புதுச்சேரியில் ஊராட்சி ஒன்றியம் மாதிரியான அமைப்புக்குப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெயர் கொம்யூன். வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஐந்து.) 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியோடு இங்கேதான் தன் 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு மையம். அங்கே டயல்-அப் இணைப்பில் வருகிற விவரங்களையும், அரசு அலுவலகங்களிலும் சந்தையிலும் சேகரித்த விவரங்களையும் தமிழில் தயார் செய்து, சுற்றியிருக்கிற கிராமங்களின் கணினிகளுக்கு வி.எச்.எஃப். வயர்லெஸ் வழியாக அனுப்புவார்கள். கிராமத்தில் டெலிபோன் லைனை நம்ப முடியாது என்பதால் வயர்லெஸ், கரண்ட்டை நம்ப முடியாது என்பதால் சோலார். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் என்று ஒவ்வொரு ஊராக மையங்கள் வந்தன. பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் 1954 அக்டோபரில் கூடி, அதில் 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்று வாக்களித்தார்களே, அதே கீழூர்தான்.

1998 என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்திலேயே இன்டர்நெட் என்றால் ப்ரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பார்த்த காலம். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் 'கிராமத்துக்கே கம்ப்யூட்டர்' என்று போட்டோ பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர்கள் கணினி வாங்குவதற்கு முன்பு, மக்களுக்கு என்ன தகவல் வேண்டும், இப்போது அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர், உரக்கடைக்காரர், சந்தையில் பார்க்கிற ஆள் என்று பதில் வந்தது. அதாவது தகவல் என்பது ஏற்கனவே ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. சில சமயம் அதைச் சொல்கிறவருக்கு அதில் லாபமும் இருக்கும். இது தெரிந்த பிறகுதான் 'யார்' வரிசையில் யாரை எழுதுவது என்பது புரியத் தொடங்கும்.

இப்போது வீராம்பட்டினத்துக்கு மட்டும் ஒரு படம் போட்டுப் பார்ப்போம். மீனவர் ஊர். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் போனவர்களுக்குக் கடற்கரை வரை ஊர் தெரிந்திருக்கும். இலக்கு: கடலுக்குப் போனவர் உயிரோடு திரும்ப வேண்டும். யார்: கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிற மீனவர். எப்படி மாற வேண்டும்: அலை அதிகமாக இருக்கப்போகிற நாளில் போகாமல் இருக்க வேண்டும், அந்த முடிவைக் கரையிலேயே எடுக்க வேண்டும். என்ன: அலை உயர முன்னறிவிப்பு. இது அப்போது அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைத்தது. வங்காள விரிகுடாவின் அலை உயரத்தை அமெரிக்க நேவியிடமிருந்து எடுத்து வில்லியனூரில் தமிழாக்கி வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கேட்கச் சினிமாக் கதை மாதிரி இருக்கும், ஆனால் தினமும் நடந்தது.

சரி, கிராமத்துக் கணினியின் திரையில் அலை உயரம் வந்துவிட்டது. முடிந்ததா? நடு ராத்திரிக்குமேல் வலையைத் தூக்கிக்கொண்டு போகிறவர், அறிவு மையத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்துப் படித்துவிட்டா போவார்? கோடு அங்கே அறுகிறது. அதை ஒட்டவைத்தது கடற்கரைப் பக்கம் வைத்த ஒலிபெருக்கி. கோயில் திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் கட்டுகிற அதே மைக் செட். திரையில் வந்ததை மையத்தில் இருந்தவர்கள் மைக்கில் படித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் வேலையை விடாமலே கேட்டுக்கொண்டார்.

அந்தத் திட்டத்துக்கு ஒரு விளம்பர நோட்டீஸ் அடித்திருந்தால் எதைப் போட்டிருப்பார்கள்? இன்டர்நெட், வயர்லெஸ், சோலார், தமிழ்த் தரவுத்தளம். மைக் செட்டைப் போட்டிருக்கவே மாட்டார்கள். அது பழைய சாமான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் பார்த்தால் இலக்கை நோக்கிப் போகிற கோடுகளில் பாதி அதன் வழியாகத்தான் போகிறது. எது முக்கியமான வசதி என்று அதன் விலையோ புதுமையோ சொல்லாது. எத்தனை கோடு அதன் வழியாகப் போகிறது என்பதுதான் சொல்லும். படமாகப் போடாமல் பட்டியலாகப் போட்டால் இது கண்ணிலேயே படாது, ஏனென்றால் பட்டியலில் எல்லா வரியும் ஒரே அகலம்.

எம்பலத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே மையம் அமைந்தது கோயில் கட்டடத்தில். கிராமத்தில் பொது இடம் என்றால் அதுதான் கிடைக்கும், தப்பில்லை. ஆனால் அந்தக் கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாது, மாதவிலக்கு நாட்களில் பெண்கள் போக முடியாது. மையத்தை நடத்துவதோ பெண்கள். எல்லாச் சாதியினரும், ஆணும் பெண்ணும் வந்துபோகக்கூடிய இடமாகக் கொடுத்தால்தான் மையம் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் நிபந்தனை. எப்படி இரண்டும் ஒத்துப்போனது? கட்டடத்துக்கு இரண்டு வாசல். ஒன்று சாமிக்கு, இன்னொன்று கணினிக்கு. இரண்டாவது வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இந்த ஊரைப் பற்றி எழுதியபோது அந்த இரண்டு வாசலில்தான் கட்டுரையையே ஆரம்பித்தது.

வாசலை ஒரு 'வசதி' என்று எந்த மேடையில் எந்த டீம் சொல்லியிருக்கிறது? ஆனால் எம்பலத்துப் படத்தில் 'தலித் பெண்' என்று ஒரு கட்டம் தனியாகப் போட்டிருந்தால், அவரிடமிருந்து கணினிக்குக் கோடு இழுக்கும்போது கை அந்த வாசலில் முட்டி நிற்கும். 'கிராம மக்கள்' என்று ஒரே கட்டமாகப் போட்டிருந்தால் முட்டவே முட்டாது. கோடு அழகாக நேராகப் போயிருக்கும், ஊரில் பாதிப் பேர் வெளியே நின்றிருப்பார்கள்.

அடுத்து வருவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் இந்த விஷயத்துக்கு அவசியம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வீராம்பட்டினத்துக்குத் தெற்கே நல்லவாடு. அங்கேயும் அறிவு மையம், அங்கேயும் மைக் செட். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்கிறார். இங்கே கடல் ஏற்கனவே ஒரு மாதிரியாக இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவிக்கிறார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. ஊரின் சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு ஒருவர் எதிர்வாதம் செய்யலாம், நியாயமாகவும் செய்யலாம். 'பார்த்தீர்களா, சுனாமி எந்தப் படத்திலும் இல்லை. இலக்கோடு கோடு இல்லாத வசதியையெல்லாம் வெட்டு என்கிறது உங்கள் முறை. கறாரான ஒரு மேனேஜர் 2003-இல் வந்து, அலை அறிவிப்புக்கு இவ்வளவு சத்தம் எதற்கு, ஒரு கரும்பலகை போதாதா என்று கணக்குப் போட்டு மைக் செட்டைக் கழற்றியிருந்தால்?' நல்ல கேள்வி. திட்டம் போட்டவர்களே எதிர்பாராத பயன்தான் அதன் மிகப்பெரிய பயனாக ஆனது. எந்தப் படமும் வரப்போகிற எல்லாவற்றையும் காட்டாது.

ஆனால் அந்த மேனேஜர் எந்தப் படத்தைப் பார்த்து வெட்டுவார் என்று யோசியுங்கள். 'வசதி, இலக்கு' என்ற இரண்டே வரிசைப் படத்தைப் பார்த்தால் கரும்பலகையும் மைக் செட்டும் ஒன்றுதான், இரண்டும் அலை உயரத்தைச் சொல்கின்றன, ஒன்று மலிவு. நடுவில் 'யார்' வரிசை இருந்தால் கதை மாறும். கரும்பலகையிலிருந்து கோடு, எழுதப் படிக்கத் தெரிந்த, அந்தப் பக்கமாக நடந்துபோன ஆளுக்கு மட்டும் போகும். மைக் செட்டிலிருந்து ஊரில் காது கேட்கிற அத்தனை பேருக்கும் போகும், குழந்தை முதல் கிழவி வரை. எதற்காக என்று தெரியாவிட்டாலும், இந்த ஊரில் எல்லோரையும் தொடுகிற ஒரே கோடு இதுதான் என்பது தாளில் தெரியும். தெரிந்த பிறகும் வெட்டுகிறவன் வெட்டுவான், அதற்கு மருந்தில்லை. சுனாமி எச்சரிக்கைக்கு என்றே ஒரு மையம் இந்தியாவில், ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில், 2007-இல்தான் வந்தது.

'இதெல்லாம் தொண்டு நிறுவனக் கதை, நாம் படிப்பது வியாபாரம், லாபம் எங்கே?' என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். வரட்டும். வில்லியனூருக்கு இரண்டு வருடம் கழித்து, 2000-இல், மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.சி. கம்பெனி ஆரம்பித்த 'இ-சௌபால்' முழுக்க முழுக்க லாபத்துக்காகச் செய்தது. கிராமத்தில் கணினி, இன்டர்நெட், சோலார். பட்டியலாகப் பார்த்தால் வில்லியனூரும் அதுவும் இரட்டைப் பிள்ளை. இலக்கு மட்டும் வேறு: தரமான சோயாவை, மண்டியில் கைமாறுகிற செலவு இல்லாமல், நேரே விவசாயியிடம் வாங்க வேண்டும். அதற்கு விவசாயி எப்படி மாற வேண்டும்? வண்டி கட்டி மண்டிக்குப் போன பிறகு விலை தெரிந்துகொள்கிற வழக்கத்தை விட்டு, வீட்டிலிருந்தே விலை தெரிந்துகொண்டு ஐ.டி.சி. கொள்முதல் மையத்துக்கு வர வேண்டும். மண்டிக்குப் போய்விட்டால் விலை பிடிக்காவிட்டாலும் திரும்ப முடியாது, வண்டி வாடகை யார் கொடுப்பது? ஆகவே வசதி: விலையை முன்கூட்டியே ஊரில் காட்டுவது. பார்க்கக் காசில்லை, பார்த்துவிட்டு வேறிடத்தில் விற்றாலும் கேட்க மாட்டார்கள். இலவசமாகக் கொடுத்த வசதியிலிருந்து கம்பெனி லாபம் வரை கோடு எங்கேயும் அறாமல் போகிறது.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் இன்னொன்று. இந்த ஏற்பாட்டில் பிழைப்பு போகிறவர் மண்டியின் கமிஷன் ஏஜென்ட். குறுக்கே நிற்கக்கூடிய ஆள். ஐ.டி.சி. அவரையும் படத்தில் எழுதியது. 'சம்யோஜக்' என்று பெயர் வைத்து, கொள்முதல், பணப் பட்டுவாடா போன்ற வேலைகளில் அவருக்கும் ஒரு வருமானம் காட்டியது. எதிரியைக் கட்டத்துக்குள் போட்டுவிட்டால் அவரும் ஒரு வரிசை.

போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலூர் சாட்சி. மதுரைக்குப் பக்கத்து மேலூர்தான். 2001-இல் 'சாரி' என்ற திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் வயர்லெஸ் தொழில்நுட்பத்தோடு கிராமங்களில் இன்டர்நெட் கியாஸ்க்குகள் திறந்தார்கள். உள்ளூர்க்காரரே முதல் போட்டு நடத்துகிற கடை. வருமானச் சான்று, சாதிச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸுக்கு அலையாமல் கியாஸ்க்கிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய வசதி. மக்களும் வந்தார்கள். ஆனால் விண்ணப்பம் போய்ச் சேர்கிற இடத்தில் அதைப் பார்த்துக் கையெழுத்துக்கு வைக்க ஒரு அலுவலர் வேண்டும் அல்லவா? அவர் ஏன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அதில் அவருக்கு என்ன? ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்தச் சேவை படுத்துவிட்டது. கியாஸ்க்குகளில் பல மூடப்பட்டன. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கணினி நன்றாகத்தான் இருந்தது. தாலுகா ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்குப் படத்தில் ஒரு கட்டம் இல்லை, அல்லது இருந்தும் அதிலிருந்து கோடு எங்கேயும் போகவில்லை. முதல் போட்டவர்களில் கடன் வாங்கிப் போட்டவர்களும் இருந்தார்கள். காமர்ஸ் படிக்கிறவர்கள் அந்தக் கணக்கையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சரி, நம் பக்கத்தில் ஒன்று கற்பனையாகப் போட்டுப் பார்க்கலாம். பாகூர் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஏரிப் பாசனம், நெல், வைக்கோல், வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு. சங்கத்துக்கு வருகிற பால் குறைந்துகொண்டே போகிறது, மாடு குறையவில்லை. ஒரு மாணவர் குழு உதவிக்கு வருகிறது. வழக்கப்படி என்ன செய்வார்கள்? ஆப். பாலின் கொழுப்புச் சத்தை வாரவாரியாக வரைபடமாகக் காட்டும், மாட்டுக்குத் தடுப்பூசி ஞாபகப்படுத்தும், தீவன விலை சொல்லும், மூன்று மொழியில் பேசும். பதினாறு வசதி ரெடி.

இப்போது இடது பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஏன்: காலைப் பால் சங்கத்துக்கு வர வேண்டும். யார்: கறந்து கொண்டுவருகிற அம்மா. வேறு யார்: வீட்டு வாசலுக்கே வந்து பாலை வாங்கிக்கொண்டு போகிற தனியார் பால்காரர். வேறு: சங்கத்தில் அளக்கிறவர். அந்த அம்மா எப்படி மாற வேண்டும்: பால்காரருக்கு ஊற்றாமல் சங்கத்துக்கு வர வேண்டும். இங்கே நிறுத்தி, அவர் இப்போது ஏன் பால்காரருக்கு ஊற்றுகிறார் என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அவர் முன்பணம் கொடுத்திருப்பார். பாலுக்குக் காசு கையோடு வரும். சங்கத்தில் அளக்கிறபோது மீட்டர் அளக்கிறவரைப் பார்த்து இருக்கும், என்ன எண் விழுந்தது என்று இவருக்குத் தெரியாது, சொன்னதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு கடைசி வரிசையை நிரப்பினால் என்ன வரும்? மீட்டரின் முகத்தை அந்த அம்மா பக்கம் திருப்பி வைப்பது. எடை, கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகை நாலையும் தமிழில் அச்சடித்த ஒரு சீட்டு. பட்டுவாடா நாளை முன்னே இழுப்பது. ஜூன் மாதத்தில் ஒரு சின்ன முன்பணம். குஜராத் பால் சங்கங்களில் எலக்ட்ரானிக் அளவைக் கருவி வந்தபோது உற்பத்தியாளர் கண்ணுக்குத் தெரிகிற திரையும் கையில் கிடைக்கிற சீட்டும்தான் பெரிதாகப் பேசப்பட்டன என்பதும் இங்கே பொருந்தும். ஆப் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் படத்தில் அதற்கு ஒரு கோடு கிடைத்தால் வரட்டும். மீட்டரைத் திருப்பி வைக்கப் பைசா செலவில்லை, அதனாலேயே அது எந்தப் போட்டியிலும் பரிசு வாங்காது என்பது வேறு விஷயம் :-)

இந்தப் படத்தை யார் வரைவது என்பதில்தான் புத்தகங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. மேலாளர்கள் ஓர் அறையில் கூடி வெள்ளைப் பலகையில் மஞ்சள் சீட்டு ஒட்டி வரையலாம் என்கிறார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதினால் பால்காரரின் முன்பணம் யாருக்கு ஞாபகம் வரும்? எம்பலத்து வாசல் யாருக்குத் தெரியும்? 1980களின் கடைசியிலிருந்தே நம் நாட்டுக் கிராமங்களில் 'ஊரக மதிப்பீடு' என்று ஒரு முறை நடக்கிறது. தெருவில் மண்தரையைப் பெருக்கி, கோலமாவும் கலர்ப் பொடியும் கல்லும் இலையும் வைத்து ஊர்க்காரர்களே தங்கள் ஊரைத் தரையில் வரைவார்கள். கிணறு எங்கே, யார் வீடு எங்கே, எந்த வழியில் யார் போகக்கூடாது, எல்லாம் வரும். ஒருத்தி ஒரு கோடு போட்டால் இன்னொருத்தி அது தப்பு என்று அழித்துப் போடுவாள். படம் வரைவதன் முழுப் பலனும் அந்த அழிப்பில் இருக்கிறது. தினமும் விடிகாலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோடு சேர்க்கிறவர்களுக்கு, கட்டத்தையும் அம்புக்குறியையும் பற்றி நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். படம் வரைந்து முடித்ததும் அது உண்மை மாதிரியே தோன்ற ஆரம்பிக்கும், லேமினேஷன் செய்து சுவரில் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு கோடும் ஓர் ஊகம்தான். மீட்டரைத் திருப்பினால் அந்த அம்மா வருவார் என்பது ஊகம். இரண்டு வாரம் திருப்பி வைத்துப் பார்த்து, பால் ஏறவில்லை என்றால் கோட்டை அழிக்க வேண்டும். வில்லியனூர்க் கோடுகளும் அழியத்தான் செய்தன. வி.எச்.எஃப். போனது, செல்போன் வந்தது. அமெரிக்க நேவி தளத்துக்குப் பதில் நம் நாட்டு இன்காய்ஸே கடல்நிலை முன்னறிவிப்பு தருகிறது. அதே ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகக் கைப்பேசியில் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. அலை உயரம், காற்று, மீன் கிடைக்கிற இடம், கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை, எல்லாம் அதில் உண்டு.

அப்படியானால் இன்று வீராம்பட்டினத்துக்கு ஒரு படம் போட்டால் மைக் செட்டுக்குக் கட்டம் உண்டா? கையில் போன் வைத்திருக்கிற இளைஞருக்குக் கோடு செயலியிலிருந்து போகும். கரையில் மீன் காயவைக்கிற ஆயாவுக்கு? அவரிடம் ஒருவேளை பட்டன் போன் இருக்கலாம், அதில் சார்ஜ் இருக்கிறதா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது. மணலில் விளையாடுகிற பையனிடம் அதுவும் கிடையாது. அந்த இரண்டு கட்டத்தையும் தாளில் எழுதிவிட்டு, எங்கிருந்து கோடு இழுப்பது என்று பென்சிலோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.